ஸ்டார்ட் பட்டனை நடுவில் கொண்டுபோய் வைத்தது யார்?

கணினி கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து வருகிற கடிதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊரையும் தொழிலையும் மட்டும் போடுகிறேன். சிலர் நல்ல கோபத்தில் எழுதியிருக்கிறார்கள். கோபம் நியாயம்தான். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற மெஷினை மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் செய்யும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10 32 பிட். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும்தான் என் பிழைப்பு. சிஸ்டம் வாங்கிய கடையில் 'இனி இது ஓடாது, புதுசு வாங்குங்கள்' என்கிறார்கள். நிஜமா?" — டிடிபி கடைக்காரர், சிவகாசி

ஓடாது என்பது பொய், அண்ணாச்சி. நாளை காலையில் ஆன் செய்தாலும் பேஜ்மேக்கர் திறக்கும், பிரிண்ட் வரும். ஆதரவு முடிந்தது என்றால், விண்டோஸில் புதிதாக ஏதாவது ஓட்டை கண்டுபிடித்தால் இனி அடைத்துத் தர மாட்டார்கள் என்று அர்த்தம். நெட்டில் இருக்கும் மெஷினுக்கு அது ஆபத்து. நெட்டே இல்லாத மெஷினுக்கு அவ்வளவாக இல்லை. கொஞ்ச காலம் போனால் பிரவுசர்களும் கைவிடும். விண்டோஸ் 7-க்கு ஆதரவு நின்றது 2020 ஜனவரியில். குரோம் அதற்குப் பிறகும் மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்போடு கையை விரித்தது. எனவே அவகாசம் இருக்கிறது. அவசரப்படுத்துகிறவர் வியாபாரம் பார்க்கிறார்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புது மெஷினில் வரும் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான் (பிராசஸர் ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவு இது). 64 பிட்டில் 32 பிட் மென்பொருள் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு பேச வைக்கும் நிரல்) ஓடாது. அதனால் பேஜ்மேக்கர் 7 அனேகமாக ஓடிவிடும். தமிழ் மென்பொருளோடு அந்தக் காலத்தில் சாவி மாதிரிச் செருக ஒரு குட்டிக் கருவி, டாங்கிள், கொடுத்தார்களே, அது என்ன வகை என்று திருப்பிப் பாருங்கள். பிரிண்டர் போர்ட்டில் செருகுவது என்றால், இப்போது வரும் மெஷினில் அந்த போர்ட்டே இருக்காது. யுஎஸ்பி டாங்கிள் என்றால் அதற்கு 64 பிட் டிரைவர் வேண்டும். விற்ற கம்பெனி இன்னும் இருக்கிறதா, டிரைவர் தருகிறார்களா என்று விசாரித்த பிறகு பணத்தை எடுங்கள். பழைய லேசர் பிரிண்டருக்கும் இதே விசாரணை வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவை ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இருக்கும்வரை அம்மா அம்மாவாகத் தெரியும். பாமினி இல்லாத மெஷினில் அதே ஃபைலைத் திறந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று கிடக்கும். புது மெஷின் வாங்கி, பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, அப்புறம் 'ஃபைல் எல்லாம் கெட்டுப்போச்சு' என்று கடைக்கு ஓடி வருபவர்கள் உண்டு. ஃபைல் கெடவில்லை, எழுத்துரு கூட வரவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அதை முழுசாக ஒரு பென் டிரைவில் இன்றைக்கே காப்பி செய்து வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கிற வேலைகளை பிடிஎஃப்பாகவும் சேமித்துவிடுங்கள்.

எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. புது வேலையை யூனிகோடில் ஆரம்பிப்பதுதான் நல்லது. ஆனால் பேஜ்மேக்கர் யூனிகோடு தெரியாத காலத்து மென்பொருள், அதில் நடக்காது. இன்டிசைன் வேண்டும், அல்லது காசில்லாத ஸ்கிரைபஸ். பழைய மேட்டரை மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். 'கொ', 'கோ', 'கௌ' மாதிரி இரண்டு பக்கமும் குறி வருகிற எழுத்துகளையும், ஸ்ரீயையும் கண்ணை ஊன்றிப் பாருங்கள். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் தப்பாகப் போனால் மைக்ரோசாஃப்ட்டா வந்து பதில் சொல்லும்?

என் யோசனை இதுதான்: இந்த மெஷினை விற்காதீர்கள். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெயில், வாட்ஸ்அப்பில் வரும் ஃபோட்டோ, பேங்க் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11 ஏற்கிற எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் போதும். இரண்டுக்கும் நடுவே பென் டிரைவ். கஸ்டமர் கொண்டுவரும் பென் டிரைவைப் பழைய மெஷினில் நேராகச் செருகாதீர்கள். புதியதில் வைரஸ் பார்த்த பிறகு கொண்டுபோங்கள்.

"எக்ஸ்பி காலத்திலிருந்து கம்ப்யூட்டர் உபயோகிக்கிறேன். மகன் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. ஸ்டார்ட் நடுவில் இருக்கிறது. ரைட் கிளிக் செய்தால் காப்பி வருவதில்லை. மகனிடம் கேட்டால் 'பழகிடும்மா' என்கிறான். எனக்கு வயதாகிவிட்டதா?" — ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மன்னார்குடி

வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டீச்சர். வருடக்கணக்காக இடது மூலைக்குப் போன கை அது. பட்டனை நகர்த்தியவர் அவர்கள், தடுமாறுகிறவர் நீங்கள், இதில் உங்கள் தப்பு எங்கே இருக்கிறது?

சரி, பழைய இடத்துக்கே கொண்டுவருவோம். கீழே உள்ள பட்டையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' வரும். உள்ளே கடைசியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்று இருப்பதைத் திறந்தால் 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' தெரியும். அதில் 'சென்டர்' என்று இருப்பதை 'லெஃப்ட்' ஆக்குங்கள். அந்த நிமிடமே ஸ்டார்ட் இடது மூலைக்குப் போய்விடும்.

காப்பி எங்கும் போகவில்லை. ரைட் கிளிக் மெனுவின் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக நிற்கும். கத்தரிக்கோல் கட், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தாள் காப்பி. ஆரம்பத்தில் பெயரே எழுதாமல் படத்தை மட்டும் வைத்தார்கள். உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய பிறகு, 2024-ல் வந்த 24எச்2 பதிப்பில் படத்துக்குப் பக்கத்தில் பெயரும் போட்டார்கள். உங்களுடையதில் பெயர் இல்லை என்றால் அப்டேட் பாக்கி இருக்கிறது. பழைய நீள மெனுவே வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், முழுசாக வரும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி இரண்டையும் யாரும் தொடவில்லை. எக்ஸ்பியில் என்ன செய்தனவோ அதையேதான் இன்றும் செய்கின்றன.

நான் டாஸ்க்பாரைத் திரையின் மேலே வைத்துப் பழகியவன். 11 வந்தபோது அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ரொம்ப நாள் மவுஸ் தானாக மேலே போய் வெறும் இடத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தது. வேகம் கூடியது, பாதுகாப்பு கூடியது என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இதை எதற்காகச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

"விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருடம் இலவசமாக அப்டேட் தருகிறார்களாமே, உண்மையா, இல்லை வாட்ஸ்அப் புரளியா?" — மளிகைக் கடைக்காரர், திண்டுக்கல்

உண்மை. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். மெஷினில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்தைத் திறந்தால் 'என்ரோல்' என்று ஒரு வரி தெரியும். உங்கள் செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. சம்மதம் இல்லை என்றால் 30 டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளி 1000. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களையும் ஒன்டிரைவில் (நெட்டில் அவர்கள் தரும் சேமிப்பிடம்) ஏற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிடுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண வீடியோ ஒன்று ஏறினாலே நிரம்பி, 'இடம் வாங்குங்கள்' என்று தினமும் வந்து நிற்கும்.

"அடகுக் கடை. கணக்கு முழுக்க டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை. விண்டோஸ் 10-ல் கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. புது சிஸ்டத்தில் ஏற்றினால் 'இந்தக் கணினியில் இயங்காது' என்று வருகிறது." — அடகுக் கடை உரிமையாளர், ஈரோடு

அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் நிரல். உங்கள் பழைய விண்டோஸ் 10 32 பிட்டாக இருந்ததால் ஓடியது. 64 பிட் விண்டோஸ் எதிலும், 7 ஆனாலும் 11 ஆனாலும், 16 பிட் நிரல் ஓடாது. செட்டிங்கில் எதை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் என்று மென்பொருள்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்குள் ஒரு டாஸ் மெஷினைப் போலியாக உருவாக்கித் தருபவை. உங்கள் ஃபோல்டரை அப்படியே அதற்குக் காட்டினால் பழைய கறுப்புத் திரை திரும்ப வந்துவிடும். இதில் விடாஸ் இந்த மாதிரிக் கணக்கு மென்பொருள்களுக்காகவே செய்தது. சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்தது, கடைக் கணக்கை அதில் நம்பி ஓட்டாதீர்கள். ரசீது அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ்தான் கொஞ்சம் மல்லுக்கட்டும். பிரிண்டரில் யுஎஸ்பி இருந்தால் சுலபம். இல்லையென்றால் டெஸ்க்டாப்பில் பேரலல் போர்ட் கார்டு ஒன்று செருகச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். அந்த ஃபோல்டரில் டிபிஎஃப் என்று முடிகிற ஃபைல்கள் இருக்கும். உங்கள் வாடிக்கையாளர், நகை எடை, வட்டி, தேதி எல்லாம் அதற்குள்தான். லிப்ரே ஆபீஸ் கால்க் அதை நேரடியாகத் திறக்கும். ஒருமுறை திறந்து சாதாரண அட்டவணையாகச் சேமித்துவிடுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துப் பூட்டுகிறவர், கணக்கை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் விட்டுவைக்கலாமா?

"டிபிஎம் இல்லாமலேயே விண்டோஸ் 11 போடுவது எப்படி என்று யூடியூபில் பார்த்தேன். ஐ5 ஏழாம் தலைமுறை லேப்டாப். போடலாமா?" — கல்லூரி ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்

போடலாம், ஓடும். ஆனால் எல்லா மெஷினுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

டிபிஎம் என்பது பாஸ்வேர்டு, பூட்டுச் சாவி போன்ற ரகசியங்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஒரு சிப், அல்லது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதி. 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், ஆன் ஆகும்போதே தெரியாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் என்றால் அனேகமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அவர்கள் பட்டியல் தொடங்குகிறது. பலருடைய லேப்டாப்பில் டிபிஎம் இருக்கும், மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல்லில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். உங்களுடையதில் அதை ஆன் செய்தாலும் ஏழாம் தலைமுறை என்பதால் நேர்வழியில் விடாது. எனவே யூடியூப் வழிதான்.

அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்கவில்லை. இப்போது வருகிறது, நாளைக்கு நின்றால் கேட்க முடியாது. கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் முயற்சியே செய்ய வேண்டாம். 24எச்2-விலிருந்து அந்தப் பிராசஸர்களில் இல்லாத சில கட்டளைகள் அவசியமாகிவிட்டன. பூட்டே ஆகாது. உங்கள் ஐ5-ல் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ராமும் இருந்தால் சொந்த உபயோகத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். ஆய்வகத்தில் உள்ள கல்லூரி மெஷின்களில் கை வைக்காதீர்கள், நாளை ஏதாவது ஆனால் உங்கள் தலைதான் உருளும். இன்னொன்று, பயாஸில் 'லெகசி' (பழைய பூட் முறை) என்று இருப்பதை யோசிக்காமல் 'யுஇஎஃப்ஐ' (புதிய முறை) என்று மாற்றிவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்கைப் பகுதி பிரித்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் விண்டோஸ் எழும்பாது. முதலில் டேட்டாவைக் காப்பி எடுங்கள், பிறகு விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றுங்கள், கடைசியில் பயாஸுக்குப் போங்கள்.

"புது லேப்டாப். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. எனக்கு அப்படி எந்த எண்ணும் யாரும் தரவில்லை. பேரன் பிறந்தநாள் படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன." — இல்லத்தரசி, திருச்சி

பதறாதீர்கள் அம்மா, எதையும் ஃபார்மெட் செய்ய விடாதீர்கள். இது பிட்லாக்கர், டிஸ்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை அமைத்தால், கேட்காமலேயே டிஸ்கைப் பூட்டிவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. ஃபோனில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்பதைப் பாருங்கள். நீலத் திரையில் 'கீ ஐடி' என்று சில எழுத்துகள் தெரியும், அதே எழுத்துகளில் தொடங்கும் வரிசையில் உள்ள எண்தான் உங்களுடையது.

அங்கே ஒன்றும் இல்லை என்றால், லேப்டாப் வாங்கிய அன்று யார் ஆன் செய்து கொடுத்தார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கடையில் நிற்கும் பையன் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியையே போட்டுக் கொடுத்துவிடுவது நம் ஊரில் சகஜம். அப்படியானால் உங்கள் சாவி அவன் கணக்கில் இருக்கிறது. சண்டை போடாமல் போய், அவனை விட்டே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மருமகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, யார் உதவியிருந்தாலும் இதேதான். எங்குமே இல்லையென்றால் அந்த டிஸ்கைத் திறக்க வழி கிடையாது. 'நாங்கள் உடைத்துத் தருகிறோம்' என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடிப் பிடித்துத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள்.

"பேப்பர் படிப்பது, மெயில், யூடியூப், தமிழில் கொஞ்சம் எழுதுவது. இதற்கு நான் ஏன் புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டும்? லினக்ஸ் போடு என்கிறார் நண்பர்." — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

நண்பர் சரியாகத்தான் சொல்கிறார். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதில் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போடுங்கள். 4 ஜிபி ராம் போதும். ஸ்டார்ட் மெனு இடது மூலையிலேயே இருக்கும், அதனால் விண்டோஸ் 11-க்குப் போகிறவரைவிட நீங்கள் குறைவாகத்தான் தடுமாறுவீர்கள். 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், ஹார்ட் டிஸ்கைத் தொட வேண்டாம். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அதிலேயே தெரிந்துவிடும். தமிழ் எழுத ஐபஸ் எம்17என் என்பதை நிறுவினால் தமிழ் 99-ம் வரும், ஃபொனெட்டிக்கும் வரும், பழைய தட்டச்சு முறையும் வரும்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, நினைவிருக்கிறதா? பிள்ளைகள் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போய்விட்டார்கள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டும் வைத்துத் தொழில் செய்பவர்கள் இந்தப் பதிலைக் கேட்டு லினக்ஸுக்குப் போக வேண்டாம். அவர்களுக்கு விண்டோஸ்தான்.

"தட்டச்சுப் பயிலகம் நடத்தியவள். தமிழ்த் தட்டச்சு முறையில்தான் எனக்குக் கை ஓடும். என் பழைய கீபோர்டு வட்ட பின் கொண்டது. புது கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையே இல்லை. இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதானா?" — முன்னாள் தட்டச்சு ஆசிரியை, காரைக்குடி

எதையும் விட வேண்டாம். வட்ட பின்னுக்குப் பெயர் பிஎஸ்2. அதை யுஎஸ்பியாக மாற்றும் கன்வெர்ட்டர் கடைகளில் கிடைக்கும். இரண்டு வகை உண்டு. வெறும் பிளக் மாதிரி குட்டியாக இருப்பது எல்லா கீபோர்டுக்கும் வேலை செய்யாது. சின்ன வயரோடு, உள்ளே சர்க்யூட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கீபோர்டைக் கையோடு கொண்டுபோய் செருகிப் பார்த்தே வாங்குங்கள். எழுதும் முறைக்கு என்எச்எம் ரைட்டர் நிறுவினால் அதில் பழைய தட்டச்சு முறை இருக்கிறது. நீங்கள் அடிப்பது யூனிகோடாகவே வரும், வாட்ஸ்அப்பிலும் ஒட்டலாம். விண்டோஸ் 11-ல் முதல் தடவை நிறுவும்போது 'தெரியாத மென்பொருள்' என்று நீலப் பெட்டி ஒன்று குறுக்கே நின்றால், அதில் 'மோர் இன்ஃபோ' என்பதை அழுத்துங்கள், 'ரன் எனிவே' வரும். என்எச்எம் ரைட்டரை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கியதாக இருந்தால் மட்டும் அதை அழுத்துங்கள்.